நான் எண்ணாமல் விட்ட பிடியரிசி

ஐம்பத்தெட்டு.

காய் உலர்த்தும் ஏலக்காய் ஸ்டோரின் வெளிச்சுவரில் அடித்திருந்த ஆணிகளிலும், ஆணி போதாமல் பக்கத்துக் கொய்யா மரத்துக் கிளைகளிலும் தொங்கிய சாக்குக் கொங்காணிகளை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் ஐம்பத்தெட்டு.

கோணிச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்து, மழைக்குத் தலையில் மாட்டிக்கொள்வது கொங்காணி. ஒரு கொங்காணிக்கு ஓர் ஆள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே கொங்காணிக்குள் வருகிற பெண்களும் உண்டு. ஆகவே உள்ளே ஐம்பத்தெட்டுக்குக் குறையாது.

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். சாரல். நான் குடைக்குள் நின்றேன். வலது கணுக்காலில் மூன்று அட்டைகள், இடதில் ஒன்று.

உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரே பாட்டு, மூன்று சுருதி. பச்சைக் காய் சூட்டில் வாடும்போது வருகிற வாசம் கதவிடுக்கு வழியாக வந்து முகத்தில் கனமாகப் பட்டது. கற்பூரத்தையும் அவிக்கிற நெல்லையும் ஒரே துணியில் கட்டி வைத்தது போன்ற வாசம்.

முந்தின வருஷம் அந்த ஸ்டோரில் கூடியவர்கள் ஒன்பது பேர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒன்பது எப்படி ஐம்பத்தெட்டு ஆனது? அதைக் கண்டுபிடித்து எழுதித் தரத்தான் என்னை மலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு நெஞ்சுக்குக் கீழே புகைந்தது. ஸ்டோர் அடுப்பு இருந்தது அடுத்த பக்கம்.

நாற்பத்து மூன்று

இந்தத் தொடரில் நான் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பதாகத் திண்டுக்கல் வாசகி ஒருவர் குறைப்பட்டு எழுதியிருக்கிறார். ஒரே கடிதத்தில் அந்தக் குறையை மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறார்.

என்ன செய்வது? என் அப்பா போடி ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் மூட்டை எண்ணுகிறவர். வீட்டிலும் அதே பழக்கம். எங்கள் ஐந்து பேரையும் எண்ணி முடித்த பிறகே தட்டில் கை வைப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பையன் எங்களோடு உட்கார்ந்திருந்ததால் ஆறு வந்தது. அவனுக்கு ரசம் வரைக்கும் ஊற்றிச் சாப்பிட வைத்துவிட்டு, அதன் பிறகே யாரென்று கேட்டார்.

ரயில் நின்றுபோய் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்த காலம். நான் போடி கோவிலில் உபதேசியார். அதாவது, குருவானவர் வராத வாரங்களில் ஆராதனை நடத்துகிறவன். மற்ற நாட்களில் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார்.

எங்கள் கோவில் கல் கட்டடம். கப்பலில் வந்த மணி. பதினாறு பெஞ்சுகள், அதில் பதினொன்றின் முதுகில் குடும்பப் பெயர்கள் வெள்ளைப் பெயின்டில். வேதாகமப் பள்ளியில் என் வகுப்பில் பதினெட்டுப் பேர், நான் முதலாவது. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஏழு பக்கம் எழுதி முடித்திருப்பேன்.

வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். கல்யாணத்துக்கு வந்த உறவினர் தங்கிவிட்டால் நாற்பத்தொன்பது. மழையென்றால் முப்பத்தாறு. மறுவாரம் மீண்டும் நாற்பத்து மூன்று.

ஒரே ஒரு ஞாயிறு மட்டும், காரணம் தெரியாமல், ஐம்பத்திரண்டு வந்தது. அதைச் சிவப்பு மையில் எழுதி என் மனைவி சாராளிடம் காட்டினேன். நல்லது என்றாள். அடுத்த வாரம் பழையபடி ஆனதும் அவளிடம் காட்டவில்லை.

அடுப்பை விட்டு நகர முடியாதவன்

மலையில் அந்தக் கூட்டத்தை நடத்தியவன் ஆசீர்வாதம். சாராளின் தங்கை புருஷன், எனக்குச் சகலை.

அவனும் அதே வேதாகமப் பள்ளியில் படித்தவன்தான். இரண்டு முறை தேர்வு எழுதினான், இரண்டு முறையும் தேறவில்லை. பிறகு போடிமெட்டுக்குப் போகிற வழியில் ஓர் எஸ்டேட்டில் ஸ்டோர் அடுப்புக்காரனாகச் சேர்ந்தான். பறித்த காயைத் தட்டுகளில் பரப்பி, அறைக்குள் ஓடும் இரும்புக் குழாய்களில் அடுப்பின் சூட்டை விட்டு, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உலர்த்த வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும். குறைந்தால் பச்சை நிறம் போய் வெளுக்கும். அதனால் பருவம் முடிகிற வரைக்கும் அடுப்புக்காரன் அடுப்பை விட்டு நகர முடியாது.

நகர முடியாதவன் எப்படி ஊழியம் செய்வான்? வேலை முடிந்து குளிருக்கு ஸ்டோரை ஒட்டி வந்து உட்கார்ந்தவர்களிடம் பேசினான். அவ்வளவுதான். விறகை உள்ளே தள்ளுவான், ஒரு வசனம் சொல்வான், மறுபடி விறகைத் தள்ளுவான்.

அந்த வசனமும் ஒழுங்காக இராது. நான் கேட்ட முதல் சனிக்கிழமை யோசேப்பையும் யோனாவையும் ஒன்றாகக் கலந்துவிட்டான். ஒரே ஆளைச் சகோதரர்கள் குழியில் தள்ளினார்கள், மேலே வந்ததும் அவனை மீன் விழுங்கியது. யாரும் திருத்தவில்லை. “பாவம், ரெண்டு தடவையா” என்று ஒரு பெண் உச்சுக்கொட்டினாள்.

நான் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். என் ஏழு பக்கங்களுக்கு ஒருவரும் ஒரு தடவைகூட உச்சுக்கொட்டியதில்லை.

நாலு கட்டங்கள்

சபைகள் ஏன் சில இடங்களில் வளர்கின்றன, சில இடங்களில் ஏன் அப்படியே நிற்கின்றன என்று மிஷனில் அப்போது ஒரு விசாரணை நடந்தது. அதற்காக அச்சடித்த தாள்கள் வந்திருந்தன. ஒவ்வொருவரிடமும், நீ ஏன் சபைக்கு வந்தாய் என்று கேட்டு நாலு கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். பிரசங்கம், பள்ளிக்கூடம், வைத்தியம், உறவினர்.

எங்கள் குருவானவர் அந்தத் தாள்களை என்னிடம் தந்தபோது ஒன்றைச் சேர்த்துச் சொன்னார். மலையில் இருபத்தேழு பேர் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். என் அறிக்கை சரியாக இருந்தால் அவர்களுக்கு இந்த வருஷமே ஞானஸ்நானம். ஆசீர்வாதத்தை மலைக்கு உபதேசியாராகவும் போட்டுவிடலாம்.

தேறாதவன் உபதேசியார். நானும் உபதேசியார். ஜீப்பில் மலையேறும்போது கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினேழு வளைவு என்று எண்ணி வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம், அன்றைக்கு மனம் சரியில்லை.

மூன்று சனிக்கிழமைகள் போனேன். சாயங்காலக் கூட்டம் முடிந்து சகலை வீட்டில் தங்கி, விடியற்காலை ஜீப்பில் இறங்கி ஞாயிறு ஆராதனைக்கு வந்துவிடுவேன். நாற்பத்தோரு பேரிடம் கேட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது, வந்தேன் என்றார் ஒருவர். அது எந்தக் கட்டம்? இங்கே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கங்காணி திட்டுவதில்லை என்றார் இன்னொருவர். ஒரு மலையாளி, “சேட்டன் விளிச்சு” என்றான். அண்ணன் கூப்பிட்டான், அவ்வளவுதான். ஆசீர்வாதம் அவனுக்கு அண்ணன் இல்லை. உறவினர் கட்டத்தில் குறி போட்டுவிட்டுப் பிறகு அழித்தேன்.

பேச்சி என்ற பெண்ணிடம் வந்தபோது நெடுநேரம் நின்றுவிட்டேன். காய் பறிக்கிறவள், முப்பது முப்பத்தைந்து வயது, விரல் நுனிகள் ஏலக்காய்ப் பிசினில் கறுத்திருந்தன. புருஷன் சடையாண்டி. இருவரும் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள். சந்தைக்குப் போடிக்கு இறங்குகிறவர்கள் ஏன் எங்கள் கோவிலுக்கு வருவதில்லை என்று அவளிடம் கேட்டேன்.

“வந்தமேய்யா. ஒம்போது பேரு வந்தோம். பெஞ்சுல எடங் கெடந்துச்சு. உக்காருன்னு ஒருத்தரும் சொல்லல. முடியிற மட்டும் செவரோரமா நின்னுட்டு வந்துட்டோம்.”

நான் பார்க்கவில்லையே என்றேன்.

“பாத்தீகளே. வெரல நீட்டி நீட்டி எங்கள எண்ணுனீக.”

கேலியாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. நாற்பத்து மூன்றும் ஒன்பதும்.

அவள் சொன்னதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

வாசலில் ஒரு கலயம்

பிடியரிசி எங்கள் சபைகளில் பழைய வழக்கம். உலையில் போடும் முன் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பாள். வாரம் முழுவதும் சேர்ந்ததைக் கோவிலுக்குக் கொண்டுவருவாள். போடியில் ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விட்டு, விளக்குக்கும் வெள்ளையடிப்புக்கும் வைத்துக்கொள்வோம்.

மலையில் அதே வழக்கம் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஸ்டோர் வாசலில் ஒரு மண் கலயம். சனிக்கிழமை வருகிற பெண்கள் மடியை அவிழ்த்து அதில் போடுவார்கள். அந்த வாரம் எந்த லயத்தில், அந்த வரிசையில் எந்த வீட்டில் காய்ச்சலோ அந்த வீட்டுக்கு அரிசி போய்விடும். காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை, எஸ்டேட் அரிசியும் இல்லை. யாருக்குப் போகிறது என்று சத்தம் போட்டுச் சொல்வதில்லை. கூட்டம் கலைந்ததும் சகலை மனைவி கலயத்தை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது காலிக் கலயம்.

மூன்று சனிக்கிழமையும் நான் அந்த வாசலில் நின்று எண்ணினேன். அரிசி போட்டவை முப்பத்தொரு வீடுகள். அதில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்த வீடுகள் பத்தொன்பது. மீதிப் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் கறுப்பசாமிக்கும் காளியம்மனுக்கும் பொங்கல் வைக்கிறவர்கள். உள்ளே வரமாட்டார்கள். கலயத்தில் போட்டுவிட்டுக் கொங்காணியைக் கழற்றாமலே போய்விடுவார்கள்.

நீ ஏனம்மா போடுகிறாய் என்று ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன். அவளுக்கு அவசரம்.

“சாமி வேற வேறய்யா. வகுறு அப்பிடியா?”

அதையும் குறித்துக்கொண்டேன். 31, 19, 12. கோடு போட்ட நோட்டுத் தாளில், பென்சிலில். ஒன்பது ஐம்பத்தெட்டு ஆனதற்கான காரணம் முழுவதும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதி என் சட்டைப் பையில் இருந்தது. படித்தவனுக்கு அது புரியாமல் இல்லை.

குருவானவர் கேட்டது

அறிக்கையை மூன்று பக்கத்தில் எழுதினேன். அதில் இரண்டு வாக்கியங்கள்: “காய்ச்சலுற்ற குடும்பங்களுக்கு வாரந்தோறும் அரிசி வழங்கப்படுகிறது. கூட்டம் பெருகியதற்கு இதுவே முதன்மையான காரணமாகத் தோன்றுகிறது.”

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் சேகரத்தில், அதாவது குருவானவர் பொறுப்பிலுள்ள சபைகளில், ஒரு விதி இருந்தது. உணவோ துணியோ பெற்றுக்கொண்டு சபைக்கு வருகிறவர்களை இரண்டு வருஷம் காத்திருக்க வைத்த பிறகே ஞானஸ்நானம் தரலாம். வயிற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக வைத்த நல்ல விதி. அது எனக்கு மனப்பாடம்.

குருவானவர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து படித்தார். சாராள் காப்பி வைத்துவிட்டுப் போனாள். அந்த வாக்கியங்களுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர். அவருக்கு மலைக்காரர்கள் மேல் பிரியம் உண்டு. அவர்களுக்காக ஒரு வழி தேடினார் என்றே நினைக்கிறேன்.

“இந்த அரிசிய யார் குடுக்கிறாங்க? வெளிய இருந்து வருதா, அவங்களே போடுறாங்களா? கணக்குப் பாத்தீங்களா?”

நோட்டுத் தாள் அப்போதும் பையில்தான் இருந்தது.

“இல்லங்கய்யா. அத எண்ணல.”

அவர் நம்பினார். எதையும் எண்ணாமல் விடாதவன் எண்ணவில்லை என்று சொன்னால், எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இரண்டு வருஷம் என்று கடிதம் வந்தது. ஆசீர்வாதத்தின் நியமனமும் அதோடு தள்ளிப்போனது. கடிதத்தை நானே மலைக்குக் கொண்டுபோனேன். அவன் எழுத்துக் கூட்டுகிற வேகத்தில் அதைப் படித்தான். படித்துவிட்டு இரண்டு விறகைத் தள்ளினான்.

“அரிசி குடுத்தது உள்ளதுதானண்ணே. ரெண்டு வருசந்தான? இருப்பாக.”

யார் கொடுத்தது என்று எழுதவில்லையா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பதிலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அறுபத்தொரு பேர் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றார்கள். காத்திருந்தவர்கள் இருபத்தாறு, காத்திருந்தவர்களைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் முப்பத்தைந்து. பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நான் போட்ட தடையும் அவனுக்கே ஆள் சேர்த்துக் கொடுத்தது என்று எனக்கு எரிந்தது.

என் அறிக்கை தெளிவாக இருந்ததாக மேலே பாராட்டினார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் அறுபத்து நாலு சபைகளுக்கு என்னை அனுப்பி, ஏன் வளர்கிறது, ஏன் வளரவில்லை என்று கேட்டார்கள். எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

பெயர் கொடுத்தவர்கள் இருபத்தேழு பேர். ஞானஸ்நானம் பெற்றவர்கள் அதில் இருபத்தாறு. ஒன்று குறைந்தது எப்படி என்று சொல்ல வேண்டும்.

ஏலச் செடிகளுக்கு நடுவில்

அந்த இரண்டு வருஷத்தின் நடுவில் வந்த மழைக்காலம். பதினோரு மணிப் பாடவேளையில் வகுப்பு வாசலில் ஆசீர்வாதம் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பருவத்தில் அவன் அடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“பேச்சி போயிட்டாண்ணே. நாலு நாளு காச்ச. சடையாண்டி வேதப்படிதான் அடக்கம் பண்ணணும்னு நிக்கிறான். நீங்க வந்து வாசிக்கணும்.”

ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனை வாசிக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாதா என்றேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

“தெரியும்ணே. நான் வாசிச்சா பேரெல்லாம் மாத்திப்புடுவேன். அதான் ஒங்ககிட்ட வந்தேன்.”

நான் கரும்பலகையைப் பார்த்தேன். அவள் ஞானஸ்நானம் பெறாமல் போனது யாரால் என்று அந்த ஊரில் ஒருவனுக்குத்தான் தெரியும். இருந்தும் நான் அசையவில்லை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சரிண்ணே. சோலி கெடக்கு, வெரசா போகணும். நானே வாசிச்சிர்றேன்.”

அப்போதுதான் குடையை எடுத்தேன். இரக்கத்தால் போனதாக எழுத ஆசைதான். அவன் வாசித்துவிடுவானே என்றுதான் போனேன்.

கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு இடம் கிடையாது. எஸ்டேட் ஓரத்தில், ஏலச் செடிகள் முடிகிற இடத்தில் குழி வெட்டியிருந்தார்கள். குழிக்குள் ஊறிய தண்ணீரை ஒருவன் தகரத்தால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் கொங்காணிகளை எண்ணினேன். நூற்றுப் பத்து வரை வந்தது. அதற்குப் பிறகு செடிகளுக்குள் நின்றவர்களைப் பிரித்து எண்ண முடியவில்லை. கலயத்தில் அரிசி போடுகிற பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள்.

ஒரு காய் பறிக்கிறவளுக்கு நூற்றுப் பத்துக்கு மேல். செத்துப்போன அவள் மீதும் எனக்குப் பொறாமை வந்தது. நான் போனால் எத்தனை பேர் வருவார்கள் என்று அந்தக் குழியின் ஓரத்தில் நின்று கணக்குப் போட்டேன். இப்போதும் அவ்வப்போது போடுகிறேன். வயதாக ஆகக் குறைகிறது.

புத்தகத்தை விரித்தேன். இறந்தவரின் ஞானஸ்நானப் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கும். அங்கே வந்ததும் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆசீர்வாதம் தலையைத் தூக்கவில்லை.

“பேச்சி” என்று வாசித்தேன்.

விதியை மீறி, ஒரு வார்த்தை விடாமல் முழுவதையும் வாசித்து முடித்தேன். எந்தப் பதிவேட்டிலும் அதை எழுதவில்லை. 31, 19, 12 என்ற தாளையும் அதற்குப் பிறகுகூடக் குருவானவரிடம் நான் காட்டவில்லை. அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

மண் தள்ளி முடிந்ததும் சடையாண்டி நேரே என்னிடம் வந்தான். கைகள் இரண்டிலும் சேறு.

“ஐயா வந்ததே போதும்யா.”

ஆசீர்வாதத்தைத் தாண்டி என்னிடம்தான் முதலில் வந்தான். அதை அந்த நேரத்திலும் கவனித்தேன்.

பிறகு அவன் திரும்பிப் போய், என் சகலையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். வெகுநேரம் அழுதான். ஆசீர்வாதம் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மழை வலுத்தது. குடையை அவர்கள் மேல் பிடிக்கலாமா என்று இரண்டடி எடுத்து வைத்தேன். இருவரும் ஏற்கெனவே முழுக்க நனைந்திருந்தார்கள். சுற்றி நின்ற எல்லாரும் நனைந்திருந்தார்கள்.

நனையாமல் நின்றவன் நான் ஒருவன்.